வலி தெரியாமல் போன பத்து நாள்

என் கூடப் பிறந்த சாமி, அர்த்தநாரி,

உன் வலது கண்ணைக் கெடுத்தது உன் பெண்டாட்டி நல்லம்மா இல்லை. அவள் விட்ட தாய்ப்பாலும் இல்லை. எஸ்டேட் மருந்தகத்தில் இருந்த, கண்ணை மரத்துப்போக வைக்கும் சொட்டு மருந்து அது. அதைப் பத்து நாள், நாளுக்கு மூன்று தடவையில் தொடங்கிப் பத்து, பன்னிரண்டு தடவை வரைக்கும் உன் கண்ணில் ஊற்றியது என் கை. நீ சாவதற்கு ஆறு வருஷம் முன்பே இது எனக்குத் தெரியும். உன்னிடம் சொல்லவில்லை.

முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். சுற்றி வளைத்துச் சொல்ல ஆரம்பித்தால், நடுவில் எங்காவது நான் தப்பித்துக்கொள்ள ஒரு சந்து கண்டுபிடித்துவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

நீ போய் மூன்று வருஷம் ஆகப்போகிறது. நான் மருந்தகத்து ஆயா வேலையிலிருந்து நின்று, எஸ்டேட் வீட்டைக் காலி செய்து கொடுத்துவிட்டு, இப்போது வெள்ளக்கடையில் ஒற்றை அறையில் இருக்கிறேன். நாம் நடந்தே போன இடத்துக்கெல்லாம் இப்போது ஆட்கள் மொபட்டில் போகிறார்கள். ஏற்காட்டில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போன் பேசலாம். உனக்குச் சொல்ல இப்படிச் சில்லறைச் சேதிகள் நிறைய இருக்கின்றன. இன்று அதற்காக உட்காரவில்லை.

நான் கடிதம் எழுதுகிறேன் என்றால் நீ சிரித்திருப்பாய். "டாக்டரக்கா, கோடு போட்ட நோட்டுல எழுது, எழுத்து எறங்கி ஓடிரப் போவுது" என்று சொல்லியிருப்பாய். நான் பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவள்தான். மருந்து பொட்டலம் கட்டி வந்த செய்தித்தாளில் தமிழ் படித்தேன். கம்பவுண்டர் பெயர் சொல்லிக் கேட்கக் கேட்க பாட்டிலை எடுத்துக் கொடுத்து, அதன்மேல் ஒட்டிய சீட்டைப் பார்த்துப் பார்த்து இங்கிலீஷ் எழுத்து பழகினேன். எவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. எழுத்தில் பிழை இருந்தால் இருக்கட்டும். விஷயத்தில் பிழை இல்லை.

உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திரும்பச் சொல்ல வேண்டும். இது உனக்காக இல்லை. என்னோடு நின்று இதைக் கேட்கப்போகிறவர்களுக்காக.

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம். சேர்வராயன் கோயில் திருவிழா முடிந்த கையோடு காப்பிச் செடிக்கு மருந்தடிப்பு தொடங்கியது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்த நீல மருந்து. காலையில் கரைத்ததைச் சாயங்காலத்துக்குள் அடித்துத் தீர்த்துவிட வேண்டும், மறுநாளுக்கு வைத்தால் அது வீண். மழை இறங்குவதற்குள் எல்லாக் காட்டையும் முடிக்க வேண்டும். இரண்டு பேர் பம்பை ஆட்ட, குழாய் முனையைப் பிடித்து இலையின் அடிப்பக்கம் படுகிற மாதிரி அடிக்கிறவன் நீ. எஸ்டேட்டிலேயே அந்தக் கை உனக்கு மட்டும்தான் வாய்த்தது என்று மேஸ்திரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்.

அன்று சுண்ணாம்பு கரைக்கிற தொட்டிப் பக்கம் நீ குனிந்தபோது கட்டி ஒன்று வெடித்துத் தெறித்தது. வலது கண்ணில் விழுந்துவிட்டது. ஒரு சொம்புத் தண்ணீரை முகத்தில் அடித்துவிட்டு உன்னைத் தாங்கிக் கொண்டுவந்தார்கள். வழியில் உன் வீடு. நல்லம்மா நாலு மாதக் கைக்குழந்தையோடு வாசலுக்கு ஓடிவந்தாள்.

நம் பக்கத்தில் கண்ணில் தூசி விழுந்தாலும், கொசு விழுந்தாலும், பால் கொடுக்கிற பெண் எந்த வீட்டில் இருக்கிறாள் என்றுதான் தேடுவார்கள். அவள் வந்து நாலு சொட்டுப் பீய்ச்சிவிட்டுப் போவாள். நல்லம்மாளிடம் எத்தனை பேர் அப்படி வந்திருக்கிறார்கள்! தன் புருஷனுக்கு அவள் ஒரே ஒரு தடவை செய்தாள். செய்துவிட்டு, "மருந்தகத்துக்குக் கூட்டிட்டுப் போங்க, நிக்காதீங்க" என்று அவள்தான் விரட்டினாள்.

மருந்தகத்தில் நான் இருந்தேன். கம்பவுண்டர் உன்னைப் பெஞ்சில் படுக்க வைத்தார். நீ இமையைத் திறக்கவே விடவில்லை, கையைக் காலை உதறினாய். அவர் அலமாரியிலிருந்து விரல் நீளப் பழுப்புப் பாட்டில் ஒன்றை எடுத்து, இமையோரத்தில் இரண்டு சொட்டு விட்டார். முதலில் எரிகிறது என்று கத்தினாய். நான் உன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு முப்பது எண்ணுவதற்குள் உன் உடம்பு தளர்ந்தது. தானாகக் கண்ணைத் திறந்தாய். அவர் ஈரப் பஞ்சால் சுண்ணாம்புத் துணுக்கு ஒவ்வொன்றையும் ஒற்றி எடுத்தார். உன் முழிமேலேயே பஞ்சு படுகிறது, நீ சிமிட்டக்கூட இல்லை.

"ஏனுங்க கம்பவுண்டர், கண்ணத் தோண்டித் தட்டுல வெச்சுட்டீங்களா? ஒண்ணுமே தெரியலீங்க" என்றாய்.

"வெச்சுருக்கறேன். சாயங்காலம் வந்து வாங்கிக்க" என்றார் அவர்.

எல்லோரும் சிரித்தோம். அந்தப் பாட்டிலை அன்றுதான் நான் மரியாதையோடு பார்த்தேன். அதன் பெயர் 'கெய்ன்' என்று முடியும். எழுத்துக் கூட்டிப் படித்து வைத்துக்கொண்டேன்.

கண்ணைக் கட்டி, நாலு நாள் வீட்டில் இருக்கச் சொன்னார் கம்பவுண்டர். அதோடு விட்டிருந்தால் அந்தக் கண் ஆறியிருக்கும். ஆனால் மறுநாள் காலையில் மேஸ்திரி மருந்தகத்து வாசலில் வந்து நின்றார். "தொட்டில மருந்து கரைச்சாச்சுங்க. மானத்தப் பாருங்க, மூடிக்கிட்டு வருது. அர்த்தநாரி இல்லாம எவனக் குழாயப் புடிக்கச் சொல்றது? நோவு தெரியாம ஏதாச்சும் குடுங்க."

கம்பவுண்டர் அன்று மச்சினன் கல்யாணத்துக்காகச் சேலம் போகக் கிளம்பிக்கொண்டிருந்தார். பையைத் தோளில் போட்டபடியே அந்தப் பாட்டிலை எடுத்து என் கையில் கொடுத்தார். "ஆயா, நொந்தா ரெண்டு சொட்டு உடுங்க. ஆளு வேலைக்குப் போகட்டும்." அவ்வளவுதான். எத்தனை நாள் என்று சொல்லவில்லை. எத்தனை தடவை என்று சொல்லவில்லை. கூடாது என்றும் சொல்லவில்லை.

நான் கேட்கவும் இல்லை. ஏன் கேட்கவில்லை? எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். முப்பது எண்ணுவதற்குள் வலியை ஓட்டுகிற சாமான் என் முந்தானையில் முடிந்திருக்கிறது. லைன் வீடுகளில் இருந்த பெண்களெல்லாம் என்னை அரை டாக்டர் என்பார்கள். நீ முழு டாக்டர் என்பாய். அந்தப் பேச்சு எனக்கு இனித்தது.

முதல் இரண்டு நாள் காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. நீ காட்டிலிருந்து ஓடிவருவாய். நான் விடுவேன். நீ எண்ணுவாய். "இருவத்தஞ்சுலயே ஓடிப்போச்சு அக்கா!" மூன்றாம் நாள் மரப்பு சீக்கிரமே தெளிய ஆரம்பித்தது. தெளியும்போது முன்னைவிட அதிகமாக நொந்தது. அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. இன்னும் இரண்டு சொட்டு.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, நானே பாட்டிலை எடுத்துக்கொண்டு காட்டுக்கு வந்தேன். விட்டு முடித்ததும் நீ பம்பு ஆட்டுகிறவர்களைக் கூப்பிட்டு, உன் சுட்டுவிரலால் உன் முழியையே தொட்டுக் காட்டினாய். "பாருங்கடா, பொம்மக் கண்ணு! நோவே இல்ல." அவர்கள் கைதட்டினார்கள். உன் விரலில் நீல மருந்து காய்ந்து ஒட்டியிருந்தது. நானும் சிரித்தேன், அர்த்தநாரி. இன்று வரைக்கும் என் மனசை அறுக்கிறது அந்தச் சிரிப்புத்தான். வலித்திருந்தால் உன் விரலை நீ அங்கே விட்டிருப்பாயா? காப்பிக் கிளை உரசியபோது முகத்தைத் திருப்பாமல் இருந்திருப்பாயா?

உன் கண் வெளுப்பதை முதலில் பார்த்தது நல்லம்மா. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மருந்தகத்துக்கே வந்தாள்.

"அக்கா, கருமுழியச் சுத்தி வெள்ளையா வளையம் கட்டுதுங்க. சேலத்துக்குக் கூட்டிட்டுப் போலாமுங்க."

"நோவுதுன்னு அவன் சொன்னானா?"

"இல்லீங்க."

"நோவாத கண்ணுக்கு எதுக்குடி ஆஸ்பத்திரி? நீ டாக்டருக்குப் படிச்சுட்டு வந்தியா?"

அவள் திரும்பிப் போனாள். நோவு இல்லை என்றால் ஆறிவிட்டது என்று அர்த்தம். எனக்கு அப்போது தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். பத்தாம் நாள் பாட்டில் காலியானது. பதினோராம் நாள் நீ அந்தக் கண்ணால் பார்த்தபோது கதவு நிலைக்கும் சுவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

கம்பவுண்டர் திரும்பி வந்து உன் இமையைத் தூக்கிப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. என்னைப் பின்பக்கம் கூப்பிட்டார். "காலிப் பாட்டில் எங்க?" கொடுத்தேன். சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "ஆயா, சேலத்துல கேப்பாங்க. சொட்டு மருந்துன்னு வாயத் தொறந்தீங்கன்னா ரெண்டு பேரு வேலையும் போயிரும். பாலு உட்டாங்கல்ல, அதச் சொல்லுங்க."

மருந்து நல்ல மருந்தாக இருந்தால் எதற்கு மறைக்கச் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றியதா? தோன்றியது. தோன்றியதை அங்கேயே அமுக்கினேன்.

சேலம் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் கேட்டார்: "கண்ணுல என்ன விட்டீங்க?" நீ சொல்ல வாயெடுத்தாய். நான் முந்திக்கொண்டேன். "தாய்ப்பாலு உட்டாங்க சாமி." அவர் தலையில் அடித்துக்கொண்டு சீட்டில் எழுதினார். நான் சொன்னது நடந்ததுதான். அதையே சாக்காக வைத்துக்கொண்டு பொய் சொல்லவில்லை என்று எட்டு வருஷம் காலம் தள்ளினேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் என்னைக் கேட்டாய். "ஏக்கா, அந்தச் சொட்டப் பத்திச் சொல்லலியே?"

"அது நோவுக்குத்தான கண்ணு. கண்ணு போனதுக்கும் அதுக்கும் என்ன?"

நீ என்னை நம்பினாய். உனக்கு மூன்று வயதில் அம்மா போனதிலிருந்து நீ நம்பியது என்னை மட்டும்தான். அந்த நம்பிக்கையை வைத்து நான் என்ன செய்தேன் பார்.

மருந்தகத்துப் பதிவேட்டில் கம்பவுண்டர் எழுதினார்: 'வீட்டில் தாய்ப்பால் விட்டதால் கண் புண்ணானது.' எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர் அதைப் படித்தார். மேஸ்திரிக்குச் சொன்னார். மேஸ்திரி ஊருக்குச் சொன்னார். அதற்குமேல் ஊரே சேர்த்துக்கொண்டது. பெண் குழந்தை பெற்றவள் பாலை ஆம்பளைக் கண்ணில் விட்டால் அப்படித்தான் ஆகும் என்றார்கள். அப்படிச் சொன்ன பெண்களின் வீட்டுப் பிள்ளைகளுக்கு முந்தின மாதம்தான் நல்லம்மா பால் விட்டிருந்தாள். எவர் கண்ணும் போகவில்லை. அதை யாரும் யோசிக்கவில்லை.

நீயும் யோசிக்கவில்லை. குழாய் பிடிக்கிற வேலை உன்னைவிட்டுப் போனது. செடியின் கிளை கழிக்கிற கவாத்துக் கத்தியும் கையைவிட்டுப் போனது. களை எடுக்கிற பெண்களோடு உன்னை நிறுத்தினார்கள். அந்தக் கோபத்தை எங்கே கொட்டுவாய்? லைன் நடுவில் நின்று, எல்லா வீட்டுக்கும் கேட்கிற மாதிரி, "கண்ணக் கெடுத்த முண்ட" என்றாய். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொட்டச்சேட்டில் இருந்த தன் அம்மா வீட்டுக்குப் போனாள். நீ உன் துணிமணியை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாய்.

இதை எழுதும்போதுதான் கை நிற்கிறது. எழுதிவிடுகிறேன். நீ என் வீட்டுக்கு வந்தது எனக்குப் பிடித்திருந்தது. எனக்குப் புருஷனும் நிலைக்கவில்லை, பிள்ளையும் இல்லை. கல்யாணம் பண்ணிக் கொடுத்துவிட்ட தம்பி திரும்பி வந்து என் அடுப்புச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு, என்னைக் கேலி பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வேலை போய்விடும் என்ற பயம் முதல் ஒரு வருஷம்தான். அதற்குப் பிறகு நான் வாயை மூடிக்கொண்டது பயத்தால் இல்லை.

எட்டு வருஷம் கழித்து, எஸ்டேட்டிலிருந்து புரை வந்தவர்கள் ஏழெட்டுப் பேரைச் சேலத்தில் ஒரு கண் முகாமுக்கு அனுப்பினார்கள். மருந்தகத்து ஆயா என்பதால் நான் துணைக்குப் போனேன். ஒரு சின்ன வயதுப் பெண் டாக்டர். ஒவ்வொருவர் கண்ணிலும் முதலில் சொட்டு விட்டார். பிறகு கண்ணுக்குக் கீழே, எலும்பை ஒட்டி, மெல்லிய ஊசி போட்டு, கண்ணை முழுசாக மரத்துப்போக வைத்தார். ஆள் முழித்துக்கொண்டே படுத்திருக்க, புரையை எடுத்தார். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. தட்டில் இருந்த பாட்டிலைப் பார்த்தேன். 'கெய்ன்' என்று முடிந்தது.

வேலை முடிந்து அவர் கை கழுவும்போது கேட்டேன். "ஏனுங்க டாக்டரம்மா, இந்தச் சொட்டையே ஊட்டுக்குக் குடுத்து உட்டா என்னங்க? நோவு தெரியாம இருப்பாங்கல்ல?"

அவர் குழாயை மூடிவிட்டுத் திரும்பினார். "யாராவது அப்படிக் கொடுத்தாங்களாம்மா?"

"இல்லீங்க. சும்மா கேட்டேன்."

"கொடுக்கவே கூடாது. வலிதான் கண்ணுக்குக் காவல். வலிச்சாத்தான் இமை மூடும், தண்ணி ஊறும், கை அங்க போகாது. இத நாங்க பக்கத்துல இருந்து, வேலை நேரத்துக்கு விடறதோட சரி. தினம் விட்டா முழிமேல இருக்கிற தோல் ஆறவே ஆறாது, உரிஞ்சுக்கிட்டே போகும். வெந்த முட்டை மாதிரி வெள்ளையாயிடும். நல்ல கண்ணே போயிடும், புண்ணான கண்ணு எம்மாத்திரம்?"

"எத்தன நாளுல போகுமுங்க?"

"ஒரு வாரம், பத்து நாள் போதும்."

"சுண்ணாம்பு பட்டு, தாய்ப்பாலும் ஒரு தடவ உட்டிருந்தா? அதுனால போகுமுங்களா?"

"தாய்ப்பாலும் விடக் கூடாது. ஆனா ஒரே தடவை விட்ட பாலுனால ஒரு கண்ணு போச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். சுண்ணாம்பு மோசம்தான். தண்ணியை ஊத்தி ஊத்தி அரை மணி நேரம் கழுவணும். பட்ட மறுநாள் அந்த ஆளுக்குப் பார்வை இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க. எலையோட அடியில இருக்கற புள்ளியெல்லாம் பாத்து மருந்தடிச்சானுங்க."

டாக்டரம்மா என்னையே பார்த்தார். நான் கேட்டது சும்மா இல்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அதற்குமேல் கேட்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, "உக்காருங்கம்மா" என்றார். நான் உட்காரவில்லை.

மலைக்குத் திரும்பும் பஸ்ஸில் ஒவ்வொரு வளைவிலும் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். சாமி, நான்தான் உன் கண்ணைக் கெடுத்தேன். கண்ணு, நல்லம்மா மேல தப்பு இல்லை. வீட்டுக்கு வந்தேன். நீ அடுப்பைப் பற்ற வைத்து எனக்கு வெந்நீர் போட்டிருந்தாய். "வாங்க டாக்டரக்கா! எத்தன கண்ண அறுத்தீங்க இன்னிக்கு?" என்றாய்.

"எல்லாத்துக்கும் நல்லாயிருச்சு" என்றேன்.

சொன்னால் நீ எழுந்து கொட்டச்சேட்டுக்குப் போய்விடுவாய். போகாமல் இருக்க மாட்டாய். உன் கோபம் எப்படியோ உன் நியாயமும் அப்படித்தான். அதனால் சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று ஆறு வருஷம்.

அந்த ஆறு வருஷத்திலும் ஒரு நாள் எனக்கு வழி திறந்தது. கலாமணி பெரிய மனுஷி ஆகிவிட்டாள் என்று கொட்டச்சேட்டிலிருந்து ஆள் வந்தது. உன் மகள், அன்று இடுப்பில் இருந்த குழந்தை. நீ வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு நின்றாய். "போலாமாக்கா?" என்று கேட்டாய். எட்டு வயதுப் பிள்ளை மாதிரி கேட்டாய்.

"உன்னிஷ்டம்" என்றேன். எப்படிச் சொன்னேன் என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நீ சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டாய். ஒரு வருஷத்துக்குள் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது.

உன் சாவுக்கு நல்லம்மா வந்தாள். மகளைக் கையில் பிடித்துக்கொண்டு கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். "கண்ண எடுத்தது பத்தாதுன்னு இப்ப எதுக்கு வந்திருக்கறா?" என்று யாரோ ஒருத்தி சொன்னாள். இன்னொருத்தி சிரித்தாள். நான் உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை போதும். நான் தலையைத் தூக்கவில்லை. அவள் தூரத்திலிருந்தே உன்னைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

போன மாதம் நான் கொட்டச்சேடு போனேன். எனக்கும் இப்போது இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் பண்ண வேண்டும், மரத்துப்போக ஊசி போடுவோம், பயப்படாதீர்கள் என்று டாக்டர் சொன்னார். ஊசி என்றதும் எனக்கு நல்லம்மா முகம்தான் வந்தது. நேராகப் பஸ் ஏறிவிட்டேன்.

அவள் வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். கலாமணி கொடியில் உலர்த்திக்கொண்டிருந்தாள். பதினேழு வயது. நிற்கிற நிலை அப்படியே நீ. உள்ளே வா, தனியாகச் சொல்ல வேண்டும் என்று நல்லம்மாளை அழைத்தேன். அவள் நகரவில்லை. அங்கேயே நின்று சொன்னேன். பாட்டில், பத்து நாள், சேலத்தில் நான் சொன்னது, முகாமில் கேட்டது, ஆறு வருஷம் மூடி வைத்தது. எதையும் விடவில்லை.

அவள் துணியைப் பிழிந்து உதறினாள்.

"கதவச் சாத்திக்கிட்டா சொல்லோணும்னு வந்தீங்க? எம் பாலப் பத்தி எனக்குத் தெரியாதுங்களா? இதா நிக்குதுல்ல, இதுதான் குடிச்சு வளந்துது. இதுக்கு ஒண்ணும் ஆகலியே."

"தப்புப் பண்ணிட்டேன் நல்லம்மா."

"அவிய என்னயக் கண்ணக் கெடுத்தவன்னு சொன்னது ஊட்டுக்குள்ளயாங்க? லைன் பூரா கேக்கற மாதிரி சொன்னாங்க. நீங்க பாத்துக்கிட்டு நின்னீங்க. இப்ப லைன் பூரா கேக்க நீங்க சொல்லுங்க. அப்பறம் எங்கிட்ட வாங்க. பதினேழு வருஷம் கழிச்சு என்ற காதுல மட்டும் சொன்னா, அது உங்க பாரத்த எறக்கி வெக்கறது. எனக்கு அதுல என்னங்க?"

எனக்கு யாரும் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. அன்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு திரும்பினேன்.

நான் கிளம்பும்போது கலாமணி கேட்டாள். "அத்த, இது எங்கப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது கண்ணு."

"அப்ப எங்கப்பா கடைசி வரைக்கும் எங்கம்மாவ வைஞ்சுக்கிட்டேதான் செத்தாரா?"

அதற்கு நான் என்ன சொல்ல, அர்த்தநாரி? நீயே சொல்லேன்.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன்.

வருகிற திங்கட்கிழமை காலையில், எஸ்டேட் களத்தில் வேலைக்கு ஆள் பெயர் கூப்பிடும் முன்பு, இந்தக் கடிதத்தை நான் படிக்கிறேன். ரைட்டரிடம் சொல்லிவிட்டேன். "காலங்காத்தால எதுக்குங்க ஆயா பழங்கதை, ஆளுங்க வேலைக்குப் போகோணுமில்ல" என்றார். "அர்த்தநாரியும் வேலைக்குத்தான் போனான்" என்றேன். இடம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் படிப்பேன். யாரையும் படிக்கவிட மாட்டேன், என் கண்ணில் மிச்சம் இருக்கிற வெளிச்சத்தில் நானே படிப்பேன். என் கண்ணுக்கு ஊசி அதற்கப்புறம்தான்.

கம்பவுண்டர் உயிரோடு இருக்கிறார். ஓய்வு பெற்றுச் சமவெளியில் மகன் வீட்டில் இருக்கிறார். அவருக்கும் ஒரு பிரதி போட்டிருக்கிறேன். அந்தப் பதிவேட்டில் எழுதியது பொய் என்று அவர் கையால் எழுதி அனுப்ப வேண்டும். என்மேல் பழி போடுவதானாலும் போடட்டும், பாதி எனக்கு வரவேண்டியதுதான். மிச்சப் பாதியை அவர் எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மருந்தகத்துக்கு இப்போது வந்திருக்கும் புது ஆள் அந்தச் சொட்டு மருந்தைப் பூட்டி வைக்க வேண்டும். எந்த ஆயா கையிலும், எந்த மேஸ்திரி கேட்டாலும் கொடுக்கக் கூடாது. கண்ணில் மருந்து தெறித்தால் தண்ணீரால் அரை மணி நேரம் கழுவி அன்றைக்கே சேலத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்கு ஜீப் கொடுக்க வேண்டியது மேனேஜர். மருந்தடிக்கிறவனுக்குக் கண்ணாடி வாங்கித் தர வேண்டியதும் அவர்தான். கரைத்த மருந்து வீணாகிறதா, ஆகட்டும்.

அன்றைய மேஸ்திரி போய்விட்டார். அவர் மகன் இப்போது மேஸ்திரி. வலிக்கிறது என்று சொல்கிறவனை அவன் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். வலிக்காமல் இருக்க மருந்து கேட்டு வாசலில் வந்து நிற்கக் கூடாது.

உன் சாவு வீட்டில் பேசினவளும் சிரித்தவளும் யார் என்று எனக்குத் தெரியும். இங்கே பெயர் எழுதவில்லை. அவர்கள் கொட்டச்சேட்டுக்குத் தாங்களாகப் போக வேண்டும். அன்று எவ்வளவு சத்தமாகச் சொன்னார்களோ அவ்வளவு சத்தமாக, தப்பு எங்களது என்று வாசலில் நின்று சொல்ல வேண்டும். போகவில்லை என்றால் அடுத்த முறை பெயரோடு படிப்பேன்.

நல்லம்மா ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. என்னை மன்னிக்க வேண்டும் என்று அவளிடம் யாரும் போய்ச் சொல்லக் கூடாது. கலாமணியும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

உனக்கும் செய்ய ஒன்று இருந்தது. எழுந்து போய் உன் பெண்டாட்டி முன்னால் நின்று, என் வாய் தப்பாகப் பேசிவிட்டது என்று சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு உனக்கு ஆறு வருஷம் இருந்தது. அந்த ஆறு வருஷத்தை நான் எடுத்துக்கொண்டேன்.

ஆகவே அதையும் நான்தான் செய்ய வேண்டும். திங்கட்கிழமை களத்தில் படித்து முடித்ததும் கொட்டச்சேட்டுக்குப் பஸ் ஏறுவேன். அவள் உள்ளே விடாவிட்டால் வாசலில் நிற்பேன். முதலில் உன் வார்த்தையைச் சொல்வேன். அப்புறம் என்னுடையதை.

இப்படிக்கு,
நல்லம்மாளின் நாத்தனார்,
கலாமணியின் அத்தை,
உன் அக்கா
பாவாயி